இடது மூலைக்கு ஒரு கிடா

ஜெனி, இந்தக் கடிதம் உனக்குத்தான். ஆனால் உனக்கு முன்னால் குத்தாலம் முழுக்கப் படித்துவிடும். நம் கபடிக் குழுவின் இருபத்தைந்தாம் ஆண்டு மலருக்கு என்னிடம் ஒரு கட்டுரை கேட்டார்கள். "மைக் புடிச்ச அனுபவத்த எழுதுங்க சார். சிரிக்கிற மாதிரி இருக்கட்டும். கடைசியில வயசுப் பசங்களுக்கு ரெண்டு அறிவுரை சொல்லிடுங்க" என்று செயலாளர் வீட்டுக்கே வந்து, வெள்ளைத் தாள்களை மேஜையில் வைத்துவிட்டுப் போனார். அந்தத் தாளில்தான் உனக்கு எழுதிக்கொண்டிருக்கிறேன். அவருக்கு இது தெரியாது. படித்துப் பார்த்துத் தலையில் கை வைத்துக்கொள்வார், வைக்கட்டும்.

இரண்டு வாரத்துக்கு முன்னால் நீ சென்னையிலிருந்து போன் பண்ணினாய். "அப்பா, இந்த வருஷம் மாவட்ட லீக்க டிவில காட்டப்போறாங்க. தமிழ்ல வர்ணனை சொல்றதுக்கு மண் கிரவுண்டு ஆட்டம் தெரிஞ்ச ஆள் வேணும்னாங்க. நான் ஒங்க பேரக் குடுத்துட்டேன். குரல் பாக்கக் கூப்பிடுவாங்க, கெளம்பி வாங்க" என்றாய். நான் "சரியாக் கேக்கலம்மா, அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிட்டேன். நன்றாகவே கேட்டது. இருபது வயதிலிருந்து நான் காத்திருந்த வார்த்தை, காதில் விழாமல் போகுமா? ஆனால் அந்த நாற்காலியில் போய் உட்காருவதற்கு முன்னால் உன்னிடம் ஒன்று சொல்லியாக வேண்டும். போன வருஷம் சித்திரையில் நம் ஊர் இறுதிப் போட்டியில் கீழ்வேளூர் ஆட்டக்காரன் அன்வரின் முழங்கால் போனதே, அது உன் தப்பு என்று நீ இன்றைக்கு வரை நினைத்துக்கொண்டிருக்கிறாய். அன்றையிலிருந்து ஊர் மைதானத்துப் பக்கமே நீ வரவில்லை. அது உன் தப்பு இல்லை, என் தப்பு. தெரிந்தே செய்தேன், செய்துவிட்டு உன் தலையில் அது விழுவதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தேன். "இத அவகிட்ட போன்ல சொன்னா போதாதா, ஊர் பூரா சிரிக்கணுமா?" என்று உன் அம்மா கேட்கிறாள். நான் அதை மைக்கில் செய்தேன். மைதானம் நிறைய ஆட்கள் கேட்டார்கள். அதை உன் காதில் மட்டும் சொல்லி முடித்துக்கொண்டால் சரியாக இருக்காது.

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். எனக்கு உன் மேல் பொறாமை. பெற்ற மகள் மேல் ஒருவனுக்குப் பொறாமை வருமா என்று படிக்கிறவர்கள் கேட்பார்கள். வரும். வந்தது, இன்னும் போகவில்லை. நான் கால்நடை ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவன். பகலெல்லாம் மாட்டுக்கு ஊசி, ஆட்டுக்குப் புழு மருந்து. அது சோற்றுக்கு. மைக் பிடித்தால்தான் எனக்கு உயிர் வந்த மாதிரி இருக்கும். குத்தாலமோ திருப்பனந்தாளோ கீழ்வேளூரோ, அறுவடை முடிந்த வயலில் எங்கே கபடி போட்டாலும் "அந்த மாட்டாஸ்பத்திரி சாரக் கூப்பிடுங்கப்பா" என்பார்கள். கல்யாணத்துக்கு முன்னால் திருச்சிக்குப் போய் வானொலியில் குரல் தேர்வு கொடுத்தேன். கண்ணாடி அறை, அந்தப் பக்கம் மூன்று பேர். கூட்டம் இல்லாவிட்டால் எனக்குப் பேச வராது என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. பயத்தில் வயலில் நின்று கத்துவது போல் கத்திவிட்டேன். ஒருவர் காதிலிருந்து ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு, "நல்லாத்தான் இருக்கு தம்பி. ஆனா முன்னாடி மைக் இருக்கே, அதப் பாத்தீங்களா?" என்றார். ஊருக்குத் திரும்பி வந்து, சிபாரிசு இல்லாதவனுக்கு அங்கே இடமில்லை என்று சொல்லிக்கொண்டு திரிந்தேன். உன் அம்மாவிடமும் அப்படியே சொல்லித்தான் கட்டிக்கொண்டேன். எனக்குக் கிடைக்காத அந்த இடத்துக்கு நீ போய்ச் சேர்ந்தாய். நீ அதற்கு ஆசைப்படக்கூட இல்லை என்பதுதான் எனக்குத் தாங்கவில்லை.

அம்மா நர்ஸ் வேலைக்கு ஷிப்ட் மாறி மாறிப் போனதால் சின்ன வயதில் நீ என்னோடு போட்டிகளுக்கு வருவாய். வர்ணனை மேஜைக்குக் கீழே சாக்கை விரித்து உட்கார்ந்து, நோட்டில் கோடு கோடாக ஏதோ போடுவாய். கோலம் போடுகிறாய் என்று நினைத்துக்கொண்டேன். ஒரு நாளும் குனிந்து பார்த்ததில்லை. நீ கல்லூரியில் புள்ளியியல் சேர்ந்து, அந்தப் பழைய நோட்டுகளைப் பெட்டியிலிருந்து எடுத்துத் தூசி தட்டியபோதுதான் பார்த்தேன். பாடிப் போகிற ரைடர் எந்தப் பக்கம் போனான், யாரைத் தொட்டான், யார் காலைப் பிடித்தார்கள் என்று ஒன்று விடாமல் இருந்தது. மேலே நான் வாய்க்கு வந்ததைச் சொல்லிக்கொண்டிருக்க, கீழே நீ நடந்ததை எழுதிக்கொண்டிருந்திருக்கிறாய். பூரித்துப் போயிருக்க வேண்டிய தகப்பன் அன்றைக்கு என்ன சொன்னேன் தெரியுமா? "எவ்ளோ பேப்பர் வீணாப் போயிருக்கு பாரு" என்றேன். நீ அதற்கும் சிரித்தாய்.

பிறகு நீ டிவி கபடிக்குப் புள்ளிவிவரம் எடுத்துக் கொடுக்கும் வேலையில் சேர்ந்தாய். ஒரு நாள் அந்த வர்ணனையாளர், "இவர் வலது பக்கம் இறங்கினால் பெரும்பாலும் வெறுங்கையோடு திரும்புவதில்லை என்று நம் ஜெனி எழுதிக் கொடுத்திருக்கிறார்" என்று உன் பேரையே சொல்லிவிட்டார். உன் அம்மா "ஏங்க, கேட்டீங்களா, நம்ம ஜெனி!" என்று கையைத் தட்டினாள். எதிர்வீட்டு டீச்சர் ஓடி வந்து அவள் தோளைக் கட்டிக்கொண்டார். நான் எழுந்து கொல்லைக்குப் போய்த் தண்ணீர் மோட்டாரைப் போட்டேன். தொட்டி ஏற்கெனவே நிரம்பித்தான் இருந்தது. தண்ணீர் வழிந்து வாழைக்கன்றுப் பாத்தியெல்லாம் குளமாகும் வரை அங்கேயே நின்றேன். அந்த வர்ணனையாளரை நீ போனில் அண்ணா என்று கூப்பிடுவது வேறு ஞாபகம் வந்தது. நீ எழுதித் தருவதை வாங்கி வாசிக்கிற பாக்கியம் எவனோ ஒருவனுக்கு. என்னிடம் நீ எழுதிக் கொடுத்தாலும் நான் வாங்கியிருக்க மாட்டேன் என்பது வேறு விஷயம். அம்மா வந்து மோட்டாரை நிறுத்திவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "பெத்த பொண்ணு மேலயே வயித்தெரிச்சலா? நல்லா இருக்குங்க ஒங்க ஞாயம்" என்றாள். நான் "ஒளறாத" என்று உள்ளே போய்விட்டேன்.

போன வருஷம் நீ லீவுக்கு வந்திருந்தபோது, "ஜெனிம்மா, ரெண்டு நாளும் அப்பாவோட மைக்ல உக்காருங்க" என்று கமிட்டிக்காரர்கள் கேட்டார்கள். நீ என் முகத்தைப் பார்த்தாய். "எனக்கென்ன, உக்காரட்டும்" என்றேன். முதல் நாள் நீ அதிகம் பேசவில்லை. நான் தொண்டை கிழியக் கத்தி முடித்து மூச்சு வாங்கும்போது நீ மெதுவாக ஒரு வாக்கியம் சொல்வாய். "இந்த அண்ணன் ரெண்டு தடவ சும்மா திரும்பி வந்தாருன்னா மூணாவது தடவ நடுவுலதான் எறங்குவாரு" என்றாய். சொல்லி வாய் மூடவில்லை, அவன் நடுவில் இறங்கினான். கூட்டம் ஓவென்று கத்தியது. அதற்குப் பிறகு நீ மைக்கைக் கையில் எடுத்தாலே மைதானம் வாயை மூடிக்கொண்டு காத்திருந்தது. இத்தனை வருஷத்தில் என்னை அவர்கள் கேட்டுச் சிரித்திருக்கிறார்கள், விசிலடித்திருக்கிறார்கள். எனக்காக ஒரு தடவை கூட அப்படி அமைதியாக இருந்ததில்லை. இடைவேளையில் டீக்கடைக்குப் போனேன். மாஸ்டர் என் கையில் கிளாஸைக் கொடுப்பதற்கு முன்னால், "சார், ஒங்க பொண்ணு நாளைக்கும் வருதுல்ல?" என்றார். கிளாஸை அப்படியே பெஞ்சில் வைத்துவிட்டு எழுந்தேன்.

திரும்பி வந்து உன்னை நக்கலடிக்க ஆரம்பித்தேன். "கம்ப்யூட்டரு சொல்லுது, இவரு புடிபடுவாராம். அந்தக் கம்ப்யூட்டருக்கு ஒரு டவுசரப் போட்டு உள்ள எறக்கி விடுங்கப்பா, பாப்போம்!" என்று மைக்கில் சொன்னேன். கூட்டம் சிரித்தது. நீயும் சிரித்தாய். வீட்டுக்கு வந்து சாப்பிடும்போது, "அப்பா, நீங்க கம்ப்யூட்டரக் கிண்டல் பண்றீங்களா, என்னையா?" என்று கேட்டாய். "சீ, கம்ப்யூட்டரத்தான்" என்றேன். உன் அம்மா குழம்பு ஊற்றுகிற சாக்கில் கரண்டியை என் தட்டில் ணங்கென்று வைத்தாள்.

இதெல்லாம் சொல்கிறேன் என்பதற்காக, என் சந்தேகம் முழுக்க வயிற்றெரிச்சல்தான் என்று எடுத்துக்கொள்ளாதே. அதில் நியாயமும் இருந்தது, இன்னும் இருக்கிறது. ஒரு ரைடர் எதிர்ப்பக்கம் போய் யாரையும் தொடாமல் திரும்பி வந்தால் நீங்கள் அதை வெறும் ரைடு என்று எழுதிக்கொள்கிறீர்கள். ஆனால் அவன் முப்பது வினாடி அங்கே அலைந்து மூலையில் நிற்கிறவனின் மூச்சை வாங்கிவிட்டு வந்திருப்பான். அடுத்து வருகிறவன் சுலபமாகத் தொட்டுவிட்டுப் போவான், புள்ளி அவன் பேரில் ஏறும். நம் வயல் கிரவுண்டில் வாய்க்கால் ஓரத்து மூலை எப்போதும் கொஞ்சம் ஈரமாக இருக்கும், அங்கே கால் வழுக்கும். அது உன் தாளில் எந்தக் கட்டத்தில் வருகிறது? முதல் நாள் அண்ணன் தம்பிக்குள் வரப்புத் தகராறு வந்து, மறுநாள் இரண்டு பேரும் ஒரே அணியில் கை கோத்து நின்றால் அந்தக் கை எவ்வளவு இறுக்கமாக இருக்கும்? இதையெல்லாம் ஊர் ஊராகப் போய் மாட்டுக்கு ஊசி போட்டவனுக்குத் தெரியும். ஆட்களைத் தெரியாமல் ஆட்டத்தை எண்ணுகிறார்களே என்று நான் சொன்னது பொய்யில்லை. அந்த நியாயத்தை நான் எதற்குப் பயன்படுத்தினேன் என்பதில்தான் வினை.

அன்வர் கீழ்வேளூர் அணிக்கு ஆடியவன். அவன் வாப்பா இருபது வருஷமாகத் துபாயில். அந்தப் போட்டிக்கு அடுத்த மாதம் ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் வேலைக்குத் தேர்வு, அதில் இவன் தேறிவிட்டால் அவர் ஊரோடு வந்துவிடலாம் என்று வீட்டில் நாள் எண்ணிக்கொண்டிருந்தார்கள். அவனை நான் மைக்கில் கூப்பிடுவது உனக்கு ஞாபகம் இருக்கும். "கடக்கரைக் காத்து கெளம்பிடுச்சு, அன்வர்... அன்வர்!" என்று இழுப்பேன். மறுநாள் இறுதிப் போட்டிக்கு முன்னால் நீ நான்காக மடித்த ஒரு தாளை என்னிடம் கொடுத்தாய். "அப்பா, இத மைக்ல சொல்லிடாதீங்க, எதிர் டீமு கேட்டுடும். படிச்சு வச்சுக்கங்க, அவரப் பத்திப் பேசறப்போ பாத்துப் பேசுங்க" என்றாய். நான் சட்டைப் பையைத் தடவிப் பார்ப்பது போல் பார்த்து, "கண்ணாடிய வீட்லயே வச்சுட்டேன், அப்புறம் படிக்கறேன்" என்றேன். கண்ணாடி பையில்தான் இருந்தது. நீ தண்ணீர் பாட்டில் வாங்கப் போனதும் எடுத்து மாட்டிக்கொண்டு படித்தேன்.

நீ எழுதியிருந்தது எனக்கு மனப்பாடம். இந்த இரண்டு மாதத்தில் அன்வர் எதிரணியின் இடது மூலை ஆளிடம் போனால் பத்துக்கு எட்டு முறை மாட்டுகிறார், அதற்கு முன்னால் இப்படி இல்லை, ஏதோ சரியில்லை, என்னவென்று தெரியவில்லை. இவ்வளவுதான். கீழே ஒவ்வொரு போட்டியாகப் பட்டியல் போட்டிருந்தாய். அதைப் பார்த்ததும் எனக்கு உள்ளுக்குள் அப்படி ஒரு சந்தோஷம். அதில் இரண்டு போட்டிகள் நோன்பு மாதத்தில் நடந்தவை. ஒரு வாய் தண்ணீர் கூடக் குடிக்காமல், காய்ந்த தொண்டையோடு கபடி கபடி என்று பாடிக்கொண்டு அவன் சாயங்கால வெயிலில் ஆடியதை நான் பார்த்திருக்கிறேன். நீ சென்னையில் உட்கார்ந்து வீடியோவில் எண்ணியிருக்கிறாய், உனக்கு அது தெரியாது. ஜெனி மாட்டினாள், பசித்த வயிற்றை எண்ணிவிட்டு ஆட்டத்தை எண்ணியதாக நினைத்துக்கொண்டிருக்கிறாள் என்று நினைத்தேன். நீ பாட்டிலோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாய். "ஏம்மா, அதுல ரெண்டு மேட்ச்சு நோன்புல நடந்தது" என்று சொல்ல எனக்கு எத்தனை நேரம் ஆகும்? சொல்லவில்லை. ஊருக்கு முன்னால் உன் தாள் பொய்யாக வேண்டும் என்று எனக்கு ஆசையாக இருந்தது.

கடைசி நிமிஷம் வந்தது. கீழ்வேளூர் ஒரு புள்ளி முன்னால் இருந்தது. அன்வர் ரைடுக்குப் போகிறான். எதிர்ப்பக்கத்துக் கோட்டைத் தாண்டி ஒரு கால் வைத்துவிட்டுத் திரும்பி வந்தால் போதும், கோப்பை அவர்களுக்கு. அவர்கள் கேப்டன் கையை ஆட்டி அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தான். நம் ஊர்ப் பக்கத்தில் மைக்கில் பரிசு அறிவிப்பது வழக்கம்தானே. யாராவது பெரிய மனிதர் ஒரு சீட்டு எழுதி அனுப்புவார், இந்த ரைடுக்கு ஒரு அண்டா, இந்தப் பிடிக்கு ஒரு சேவல் என்று வாசிப்போம். எனக்கு யாரும் சீட்டு அனுப்பவில்லை. நானாக மைக்கை வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோய், "கடக்கரைக் காத்து அன்வர் அவர்களே! எடது மூலையத் தொட்டுட்டுத் திரும்பி வந்தா, நம்ம சொந்தச் செலவுல ஒரு கிடா! தொடுவாரா? அன்வர் தொடுவாரா?" என்று கேட்டேன். நீ சட்டென்று என் முழங்கையைப் பிடித்தாய். நான் உதறினேன். கூட்டம் "எடது! எடது!" என்று கத்த ஆரம்பித்தது. இடது மூலையில் நின்றவனுக்கும் காது இருக்கிறது. அவன் தரையில் கையைத் தேய்த்துக்கொண்டு தயாரானதை நான் பார்த்தேன். பார்த்தும் நிறுத்தவில்லை.

அன்வர் ஒரு வினாடி மேஜைப் பக்கம் திரும்பிச் சிரித்தான். பிறகு இடது மூலைக்குப் போனான். தொட்டான், திரும்பினான், வலது கால் அங்கேயே நின்றுவிட்டது. மூலையில் இருந்தவன் கணுக்காலைப் பிடித்தான், மற்ற நாலு பேரும் மேலே விழுந்தார்கள். அன்வர் போட்ட சத்தம் மைக்கில் கூடக் கேட்டது. எல்லோரும் எழுந்த பிறகும் அவன் எழுந்திருக்கவில்லை. ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, ஜவ்வு இன்றைக்கு மட்டும் கிழிந்ததில்லை, தை மாதத்திலிருந்தே பாதி கிழிந்துதான் இருந்திருக்கிறது என்றார் டாக்டர். வேலைத் தேர்வு முடியும் வரை யாருக்கும் தெரியக்கூடாது என்று அவன் பெற்றவளிடம் கூட மறைத்திருந்தான். மாடு லேசாகக் காலைத் தாங்கினால் வரப்பில் நின்றே சொல்லிவிடுகிறவன் என்று எனக்குப் பேர். வாராவாரம் பார்த்த பையனின் முழங்கால் எனக்குத் தெரியவில்லை. பசி என்று முடிவு கட்டிவிட்டேன். சென்னையில் உட்கார்ந்திருந்த நீதான் ஏதோ சரியில்லை என்று எழுதினாய்.

அன்றைக்கு ஆஸ்பத்திரி வராந்தாவில் நீ அழுதுகொண்டே என்னிடம் சொன்னாய்: "நான் வாயால சொல்லியிருக்கணும்ப்பா. கண்ணாடி இல்லன்னு தெரிஞ்சும் பேப்பரக் குடுத்ததோட பேசாம இருந்துட்டேன். என் தப்புதான்." நான் உன் தலையைத் தடவி, "விடும்மா, அது விதி" என்றேன். சட்டைப் பையில் கண்ணாடி இருந்தது. நீ என் மேல் சாய்ந்தபோது அது உன் கன்னத்தில் இடித்துவிடுமோ என்று கொஞ்சம் விலகி நின்றேன். என் வாழ்க்கையில் நான் செய்ததிலேயே கேவலமான காரியம் கிடா அறிவித்தது என்று நினைக்கிறாயா? அந்த வராந்தாவில் விலகி நின்றதுதான்.

போன மாதம் அந்தத் தாளை எடுத்து மேஜையில் விரித்தேன். நோன்பு மாதத்துப் போட்டி இரண்டையும் பென்சிலால் அடித்துவிட்டு மிச்சத்தை எண்ணினேன். அந்த அளவுக்கு எனக்கும் எண்ண வரும். மிச்சப் போட்டிகளிலும் அவன் அதே மூலையில்தான் மாட்டியிருக்கிறான். நான் நோன்பைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நீ இதை அங்கேயே செய்திருப்பாய். பசி இல்லை, வேறு ஏதோ என்று தெரிந்திருக்கும். இரண்டு பேரும் எழுந்துபோய் அவனைத் தனியே கூப்பிட்டு, கால் எப்படி இருக்கிறது என்று கேட்டிருப்போம். அப்படி நடந்திருக்க வேண்டும். செயலாளர் கேட்ட அறிவுரை இந்த இடத்தில்தான் வருகிறது. உன் எண்களோடு ஊர் ஊராகப் போ. எண்ணுவதற்கு முன்னால் அது எந்த மாதம், என்ன சாப்பிட்டான், யாரோடு சண்டை என்று என்னைப் போல் ஒருவனிடம் கேள். கேட்டு எழுதிக்கொள். ஆனால் மைக்கை அவன் கையில் கொடுப்பதற்கு முன்னால் அவன் முகத்தைப் பார்த்துவிட்டுக் கொடு.

போன ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்ததும் பஸ் ஏறிக் கீழ்வேளூர் போனேன். அன்வர் அவன் மாமாவின் மளிகைக்கடையில் நிற்கிறான். வாப்பா இன்னும் துபாயில்தான் இருக்கிறார். துவரம்பருப்பு நிறுத்துக்கொண்டிருந்தவன் என்னைப் பார்த்ததும் "வாங்க சார், வாங்க" என்று ஸ்டூலைத் துடைத்துப் போட்டான். எல்லாவற்றையும் சொன்னேன். தாளைப் படித்தது, நோன்புதான் காரணம் என்று நினைத்தது, கண்ணாடி, கிடா, உன் மேல் இருந்த பொறாமை, ஒன்றும் விடவில்லை. அவன் பொட்டலத்துக்கு நூல் சுற்றிக்கொண்டே கேட்டான். கடைசியில் "நோன்புல நான் நல்லாத்தான் சார் ஆடுவேன்" என்றான். நூலை அறுத்துவிட்டு, "கிடாவுக்காகப் போனேன்னு நெனச்சீங்களா? கிடாவ வச்சு நான் என்ன பண்றது? நீங்க என் பேரச் சொன்னீங்கள்ல, அந்த மாதிரி யாரும் என் பேரச் சொன்னதில்ல சார். அதுக்குத்தான் போனேன்" என்றான். கோபப்பட்டுத் திட்டியிருந்தால் வாங்கிக்கொண்டு வந்திருப்பேன். கல்லா மேல் சிந்தியிருந்த பருப்பை ஒவ்வொன்றாகப் பொறுக்கித் தராசுத் தட்டில் போட்டேன்.

அவனே பேச்சை மாற்றினான். "அந்த ரைடு எனக்கு இப்பவும் அப்படியே தெரியுது சார்" என்று கல்லாவுக்குப் பின்னால் நின்றபடி சொல்ல ஆரம்பித்தான், தன்னையே வேறு யாரோ போல. "அன்வர் உள்ள எறங்குறாரு. மூலையில நிக்கிறவரு குதிகால் தரையில படல பாருங்க, பாயப்போறாரு. அன்வருக்கு அது தெரியுது. வலது காலுக்கும் தெரியுது, அது வர மாட்டேங்குது..." குரலை உயர்த்தவே இல்லை. பருப்பு வாங்க வந்த அம்மா காசை நீட்டிய கையோடு அப்படியே நின்றார். சைக்கிளில் போன ஒருவர் காலை ஊன்றி நின்றுவிட்டார். உனக்காக மைதானம் அமைதியானதே, அந்த அமைதி மளிகைக்கடைக்கு வந்தது. ஆட்டத்துக்கு உள்ளே இருக்கிறவனின் மூச்சும் அவன் பேச்சில் இருந்தது, நீ எண்ணுகிற கால்களும் இருந்தன. நான் இத்தனை வருஷம் வெளியே நின்று கத்தியிருக்கிறேன். பஸ்ஸில் திரும்பும்போது என் வயிறு எரிந்த எரிச்சலைச் சொல்லி மாளாது. முழங்கால் போனதற்குக் காரணமானவன், அந்தப் பையன் நன்றாகப் பேசுகிறானே என்று எரிகிறேன். இவ்வளவுதான் உன் அப்பன்.

அதனால் உனக்கு என் பதில் இது. டிவிக்குக் கொடுத்த என் பேரை எடுத்துவிட்டு அன்வர் பேரைக் கொடு. அவனிடம் இன்னும் சொல்லவில்லை, நீ கூப்பிட்டுச் சொல். நீ எழுதிக் கொடு, அவன் சொல்லட்டும். நான் வீட்டில் உட்கார்ந்து பார்க்கிறேன். சந்தோஷமாகப் பார்ப்பேன் என்று மட்டும் எழுதமாட்டேன், இந்தக் கடிதத்தில் ஒரு பொய் கூட இருக்கக்கூடாது. இந்தப் பத்தியை இதுவரை மூன்று தடவை எழுதி, மூன்று தடவை அடித்துவிட்டேன். ஒரு தடவை, இரண்டு பேர் பேரையும் கொடு என்று மாற்றினேன். இன்னொரு தடவை, முதலில் என் குரலைக் கேட்கச் சொல், சரியில்லை என்றால் அவன் என்று எழுதினேன். இப்போது எழுதியிருப்பதுதான் சரி. செயலாளர் வாசலில் வண்டியை நிறுத்துகிற சத்தம் கேட்கிறது. தாளை உடனே அவர் கையில் கொடுத்துவிடுகிறேன். இன்னும் பத்து நிமிஷம் என்னிடம் இருந்தால் இதையும் அடித்துவிடுவேன்.